சாக்கடை நீரும் சூரிய வெளிச்சமும்

சூரிய வெளிச்சத்தைக் கொண்டு கழிவு நீரிலுள்ள நோய்க் கிருமிகளைக் கொல்ல முடியும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய ஒரு வெள்ளைத் தூளை நீரில் கலந்தோ, கண்ணாடியின்மேல் பூசி நீரை அதன்மேல் ஓடவிட்டோ வெயிலில் வைத்தால், அந்தத் தூள் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு கிருமிகளைத் தாக்கி அழிக்கிறது. நானோ விஞ்ஞானம் என்று பெயர் பெற்றுள்ள துறையின் சாதனைகளில் இதுவும் ஒன்று.

இது படித்தவர்களின் விவகாரம், நமக்கென்ன என்று மில் தொழிலாளித் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாக்கடை யார் வாசலில் தேங்குகிறது? சாக்கடை கலந்த வாய்க்காலில் முழங்கால் அளவு நின்று நாற்று நடுவது யார்? யாருடைய குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு விழுகிறது? பங்களாவாசிகள் அல்ல. ஆகவே இந்த விஞ்ஞானம் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது, அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதை மற்றெவரையும்விட நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூள் செய்யும் வேலை

அந்தத் தூளின் பெயர் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் நமக்குப் பழக்கமானதுதான். வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவது இதுவே. பாலியஸ்டர், விஸ்கோஸ் பஞ்சின் மினுமினுப்பைக் குறைப்பதற்காக இழைக்குள்ளேயே சேர்ப்பதும் இதைத்தான். செயற்கைப் பஞ்சு ஓட்டும் மில்களில் வேலை செய்யும் தோழர்கள் தினசரி இதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பல வருஷம் வெயிலில் நின்ற வெள்ளைப் பெயின்டைத் தேய்த்தால் கையில் மாவு ஒட்டும். வெளிச்சம் பட்டதும் இந்தத் தூள் தன்னைச் சுற்றியுள்ள பசையை அரித்துவிடுவது அதற்கு ஒரு காரணம். பெயின்ட் கம்பெனிக்கு இது நஷ்டம். எனவே தூளின்மேல் வேறு பொருளைப் பூசி அதன் குணத்தை அடக்கி விற்கிறார்கள். விஞ்ஞானிகளோ அதே குணத்தை நல்ல வேலைக்குத் திருப்பினார்கள்.

வெயிலுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டு என்பதை 1877-லேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் பரிசோதித்துக் காட்டினார்கள். ஆனால் வெயில் மட்டும் வேலை செய்தால் நேரம் அதிகமாகும். 1972-ல் ஜப்பானைச் சேர்ந்த அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா ஆகிய இருவரும், டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் வெளிச்சம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்க முடியும் என்று வெளியிட்டார்கள். 1985-ல் அதே நாட்டின் தடாஷி மட்சுனாகாவும் அவரது சகாக்களும், இத்தகைய தூளும் வெளிச்சமும் சேர்ந்தால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சாகின்றன என்று காட்டினார்கள். அதன்பின் உலகமெங்கும் ஆராய்ச்சி நடந்துவருகிறது. ஸ்பெயின் நாட்டின் தெற்கே அல்மேரியாவில், அந்நாட்டு சர்க்காரின் சூரிய சக்தி ஆராய்ச்சி நிலையத்தில், வளைந்த கண்ணாடிகளை வைத்து வெயிலைக் குழாயின்மேல் குவித்து, வெட்டவெளியிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். வெளிச்சம் தூளின்மேல் விழுந்ததும் அதற்குள் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்று தன் இடத்தைவிட்டுத் துள்ளி எழுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. துள்ளிய எலெக்ட்ரான் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைப் பற்றுகிறது; காலி இடம் தண்ணீரிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. இந்த இழுபறியில், கணநேரமே உயிர்வாழும், ஆனால் மிகவும் உக்கிரமான ரசாயனத் துண்டுகள் பிறக்கின்றன. அவை கிருமியின் மேல்தோலை அரித்து ஓட்டை போடுகின்றன. உள்ளிருப்பது வெளியே கசிந்து கிருமி சாகிறது. தூளோ செலவாவதில்லை. வெளிச்சம் இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்கிறது.

நுண்ணிய தூளாக இருப்பதன் பலம் என்ன? ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். இந்தத் தூளின் ஒரு துகள் சுமார் 25 நானோ மீட்டர். நாம் நூற்கும் பஞ்சிழை ஒன்றின் குறுக்கே இப்படிப்பட்ட அறுநூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம். துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகும். இப்படி அரைத்த ஒரு கிராம் தூளின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் சுமார் 50 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 540 சதுர அடி. எத்தனையோ தொழிலாளிக் குடும்பங்கள் குடியிருக்கும் லைன் வீடு அவ்வளவு பெரியதல்ல! அந்தப் பரப்பு முழுவதும் கிருமியோடு போரிடும் களமாகிறது.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இன்று நீரைச் சுத்தப்படுத்தப் பெரும்பாலும் குளோரின் கலக்கிறார்கள். அது மலிவு, கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. அதை நாம் இகழவில்லை. ஆனால் அழுக்கு நிறைந்த நீரில் குளோரினைக் கொட்டினால் வேறு தீய பொருள்கள் உண்டாகின்றன என்பது 1974 முதல் தெரிந்த விஷயம். குளோரின் வாயு சிலிண்டர் கசிந்தால் முதலில் மாட்டிக்கொள்பவன் அதன் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. வெளிச்சத்தில் வேலை செய்யும் தூளுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி வெயில் காயும் நமது நாட்டுக்கு இது பொருத்தமானது என்று தோன்றுவதும் இயல்பே.

ஆனாலும் விஞ்ஞானத்தைப் போற்றுகிறவர்கள் அதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூரிய வெளிச்சம் முழுவதும் இந்தத் தூளுக்குப் பயன்படாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் இதை எழுப்பும். பூமிக்கு வரும் வெயிலில் அது நூற்றில் ஏறத்தாழ 5 பங்குதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலும் வேலை செய்யும்படி தூளை மாற்ற ஆராய்ச்சி நடக்கிறது. இரண்டாவது, நீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது. கறுத்த சாக்கடையில் இந்தத் தூளைக் கொட்டுவது, கதவை மூடிவிட்டு வெயிலில் நெல் காயப்போட்டேன் என்பதற்குச் சமம். மூன்றாவது, பாக்டீரியா எளிதில் சாகும். தடித்த ஓடு போட்டுக்கொண்டிருக்கும் உயிரிகளும் குடற்புழு முட்டைகளும் லேசில் சாவதில்லை. நான்காவது, வெளிச்சம் போனதும் வேலை நின்றுவிடும். குளோரினைப்போல் குழாய் நெடுகக் கூடவே வந்து காவல் காக்காது. அரைகுறையாக அடிபட்ட கிருமி இருட்டில் மீண்டும் தலைதூக்கலாம்.

ஐந்தாவது விஷயம் தொழிலாளிக்கு மிக முக்கியமானது. நீரில் கலந்த தூளைத் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆற்றுக்கும் வயலுக்கும் போகும். உலர்ந்த தூளைக் கையாளுகிறவனின் மூச்சோடு அது உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2006-ல் வகைப்படுத்தியது. உணவில் இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய யூனியன் 2022-ல் தடை செய்தது. பஞ்சுத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தூசி விஷயத்தில் முதலாளியின் வாய்மொழியை நம்பி ஏமாந்த கதை மறுபடியும் நடக்க வேண்டாம். தூளைக் கண்ணாடியிலோ உலோகத்திலோ உறுதியாகப் பதித்துப் பயன்படுத்தும் முறையே நமக்கு வேண்டும்.

ஆகவே முடிவு என்ன? இந்த முறை சுத்திகரிப்பின் கடைசிப் படிக்கட்டில் நிற்கக்கூடியது. சாக்கடையைக் குழாயில் சேர்த்து, மண்ணையும் சேற்றையும் பிரித்து, அழுக்கை மக்கவைத்து, நீரைத் தெளியவைத்த பிறகுதான் இந்தத் தூளின் முறை வருகிறது. கீழ்ப்படிகள் இல்லாமல் மேல்படி அந்தரத்தில் நிற்காது.

கீழ்ப்படிகள் எங்கே?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் தினசரி உண்டாகும் கழிவு நீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். அதாவது நூற்றுக்கு 28 பங்கு. பாக்கி 72 பங்கு ஆற்றிலும் ஏரியிலும் வாய்க்காலிலும் அப்படியே விழுகிறது. கட்டி முடித்த நிலையங்களுக்கு 3,184 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன் இருந்தது. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை என்று அதே கணக்கு காட்டுகிறது. இதெல்லாம் நகரக் கணக்கு மட்டும். நமது கிராமத்துச் சேரியும் காலனியும் இந்தக் கணக்கில் வரவேயில்லை.

இந்த நீர் எங்கே போகிறது? மதுரைச் சாக்கடை வைகையில் கலக்கிறது. கோவைச் சாக்கடை நொய்யலில் கலக்கிறது. ஹைதராபாத்துக்குக் கீழே மூசி ஆற்றங்கரையில் சாக்கடை நீரிலேயே புல்லும் நெல்லும் விளைகின்றன. அந்த வயலில் இறங்குவது நிலச்சுவான்தாரின் கால் அல்ல. கூலிக்காரனின் கால், கூலிக்காரியின் கால். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாய்ச்சும் கழிவு நீரில், 100 மில்லி லிட்டருக்கு மலக் கிருமிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1989-ல் வரையறுத்தது. சுத்திகரிக்காத சாக்கடையில் அதே அளவு நீரில் பல லட்சம் கிருமிகள், சில சமயம் கோடிக்கணக்கில் இருக்கும். சேற்றுப்புண், குடற்புழு, ஓயாத வயிற்றுவலி என்று விவசாயத் தொழிலாளி இதற்கு வட்டி கட்டுகிறான். வேலைக்குப் போக முடியாத நாளின் கூலி அசலோடு போய்விடுகிறது.

நீரைச் சுத்தப்படுத்தும் திறமை நம் நாட்டில் இல்லையா? இருக்கிறது! சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் நவீன நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தினசரி 4.5 கோடி லிட்டர் கழிவு நீரைக் கடைசிப் படிவரை சுத்திகரிக்கும் திறன் உள்ளது. அந்த நீர் யாருக்கு? மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு. தொழிற்சாலைகள் குடிநீரைப் பறிக்காமல் கழிவு நீரைப் பயன்படுத்துவது நல்லதே. அதை நாம் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். இயந்திரம் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக நீரை இவ்வளவு சுத்தப்படுத்த முடியுமானால், மனிதன் நோயில் விழக் கூடாது என்பதற்காக அதை ஏன் செய்ய முடியாது?

ஹாம்பர்க் நகரத்தின் பாடம்

விஞ்ஞானம் தெரிந்திருந்தும் பணக்காரர்கள் செலவுக்குத் தயங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்ற இரண்டு நகரங்கள் ஒட்டியபடி இருந்தன. அல்டோனா, ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் ஆற்று நீரைத்தான் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. ஹாம்பர்க் பெரிய துறைமுகம், செல்வம் கொழித்த நகரம். அதன் நிர்வாகம் வியாபாரிகள் கையிலும் வீட்டுச் சொந்தக்காரர்கள் கையிலும் இருந்தது. வடிகட்டும் தொட்டி கட்ட யார் பணம் கொடுப்பது என்று அவர்கள் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1892-ல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். ஏழைகள் குடியிருந்த பகுதிகளில்தான் சாவு அதிகம். பக்கத்து அல்டோனா ஏறக்குறைய தப்பியது. மறு வருஷமே ஹாம்பர்க்கில் மணல் வடிகட்டி வேலை செய்யத் தொடங்கிவிட்டது!

தொழிலாளிகளின் குடியிருப்பில் பிறக்கும் தொற்றுநோய் முதலாளிகளின் தெருவுக்கும் பரவும்போதுதான் அவர்களுக்குச் சுகாதார ஞானம் பிறக்கிறது என்று எங்கெல்ஸ் 1872-லேயே சுட்டிக்காட்டினார். இருபது வருஷம் கழித்து அவருடைய சொந்த நாட்டிலேயே அது நிரூபணமாயிற்று. ஹாம்பர்க்கில் மணல் இல்லாமல் போகவில்லை, விஞ்ஞானம் இல்லாமல் போகவில்லை. பொதுப் பணத்தைப் பொது வேலைக்குச் செலவிடும் மனம்தான் இல்லாமல் போயிற்று.

மருந்துக்கு அடங்காத கிருமி

இன்று இந்த அலட்சியத்துக்கு இன்னும் பெரிய விலை காத்திருக்கிறது. 2007-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லி கிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இருந்ததைக் கண்டது. மருந்திலேயே குளித்து வளரும் கிருமி அந்த மருந்துக்கு அஞ்சுமா? 2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக்காக டில்லியில் தெருவில் தேங்கிய நீரை 171 இடங்களில் எடுத்துச் சோதித்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத தன்மையைத் தரும் என்.டி.எம்.-1 என்ற மரபணு 51 இடங்களில் இருந்தது. குழாய் நீரை 50 இடங்களில் எடுத்ததில் இரண்டில் இருந்தது.

இதன் பொருள், சாதாரண காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மாத்திரை வேலை செய்யாமல் போகும் என்பதுதான். விலை உயர்ந்த மருந்தை வாங்க வசதியுள்ளவன் பிழைப்பான், மற்றவன்? வெளிச்சத்தால் எழும் தூள் ஒரே இடத்தில் குத்தாமல் கிருமியை எல்லாப் பக்கத்திலும் தாக்குகிறது. ஆகையால் மருந்துக்கு அடங்காத கிருமியையும் இது கொல்லும் என்ற நம்பிக்கையுடன் ஆராய்ச்சி நடக்கிறது. இந்த முறையின்மீது நாம் அக்கறை காட்டுவதற்கு இது முக்கியமான காரணம். அதே சமயம், மருந்து முதலாளி லாபம் எடுத்துக்கொண்டு கழிவை வெளியே தள்ள, அதைச் சுத்தப்படுத்தும் செலவை மக்கள் சுமப்பதா? தள்ளியவனே சுத்தப்படுத்த வேண்டும்.

குழியில் இறங்கும் தோழர்கள்

சாக்கடையைப் பற்றி எழுதிவிட்டு, அதில் இறங்கும் மனிதனை மறந்தால் அந்த எழுத்துக்கு அர்த்தமில்லை. மனிதனை மலக்குழியில் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது; 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதிகளில் பிறந்தவர்கள். காண்ட்ராக்டரிடம் தினக் கூலி வாங்குகிறவர்கள். ஒரு துகளின் அளவை நூறு கோடியில் ஒரு பங்குவரை அளக்கத் தெரிந்த யுகத்தில், ஒரு மனிதனைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விடுவது நாகரிகமா? நானோ விஞ்ஞானத்துக்கு மேடை போட்டுப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மணலும் மூளையும் யாருடையது?

டைட்டானியம் எங்கிருந்து வருகிறது? நமது காலடி மணலிலிருந்து. கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணலில் இல்மனைட் கனிமம் இருக்கிறது. அதற்குள் டைட்டானியம் இருக்கிறது. சவராவில் கேரள சர்க்காரின் பொதுத்துறை ஆலையே டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கிறது. தென் ஜில்லாக்களில் தனியார் இந்த மணலை அள்ளி ஏற்றுமதி செய்து கொழுத்தார்கள். முறைகேடு பற்றிய புகார்கள் வெடித்த பின் 2013-ல் தமிழக சர்க்கார் அதை நிறுத்திவைத்தது. மணல் மக்களுடையது. ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணமும் மக்களுடையது: 2007-ல் மத்திய சர்க்கார் நானோ ஆராய்ச்சிக்கென்று 1,000 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. அந்தப் பணத்தில் நமது தீப்பெட்டி வரியும் துணி வரியும் இருக்கிறது. ஆகவே அதன் பலன் பேட்டண்டு என்ற பூட்டுக்குள் போய், வசதியுள்ளவன் வீட்டுச் சமையலறையில் மாட்டும் பெட்டியாக மட்டும் வெளிவருவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இன்னொரு ஆபத்தையும் எச்சரிக்கிறோம். நாளையே ஒரு கம்பெனி வந்து, பாதாள சாக்கடையும் வேண்டாம், சுத்திகரிப்பு நிலையமும் வேண்டாம், எங்கள் தூளை வாங்கி ஏரியில் தூவுங்கள் என்று நகரசபைக்கு வலை வீசலாம். கமிஷன் ஆசையில் அதை வாங்குகிறவர்களும் இருப்பார்கள். அப்போது, கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்குமா, தூளைத் திரும்ப எடுப்பது எப்படி, புழு முட்டை சாகுமா என்று கேட்கும் அறிவு நமது தோழர்களுக்கு இருக்க வேண்டும். அதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதினோம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு நகரத்திலும் ஊராட்சியிலும் கழிவு நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையங்களைப் பொதுச் செலவில் கட்ட வேண்டும், கட்டியவற்றை முழுத் திறனுடன் ஓட்ட வேண்டும். சேரியும் காலனியும் முதல் பட்டியலில் வர வேண்டும்.

இரண்டு: வெளிச்சத்தால் கிருமி கொல்லும் முறையைச் சர்க்கார் ஆராய்ச்சிக்கூடங்கள் நமது வெயிலிலும் நமது சாக்கடை நீரிலும் சோதித்து, முடிவுகளை மக்கள் அறியத் தமிழில் வெளியிட வேண்டும். பயன் உண்டென்று தெரிந்தால் பொதுத்துறையே அதை நிறுவ வேண்டும்.

மூன்று: கழிவு நீர் பாயும் வாய்க்கால்களை மாதந்தோறும் சோதித்து, கணக்கை ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். அந்த வயல்களில் வேலை செய்யும் விவசாயத் தொழிலாளிகளுக்கு ரப்பர் காலணியும் குடற்புழு மருந்தும் இலவசமாக வழங்க வேண்டும்.

நான்கு: மருந்து ஆலைகளும் சாயப்பட்டறைகளும் தங்கள் கழிவைத் தங்கள் செலவிலேயே சுத்திகரிக்க வேண்டும்.

ஐந்து: மலக்குழியில் மனிதனை இறக்குவதை அடியோடு ஒழிக்க வேண்டும். சாக்கடைத் தொழிலாளிகளையும் சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளிகளையும் காண்ட்ராக்ட் பிடியிலிருந்து மீட்டு நிரந்தரமாக்க வேண்டும். புதிய தூளைக் கையாளும் இடமெங்கும் தூசித் தடுப்புச் சாதனமும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாக்க வேண்டும்.

இவை ஆகாயத்துக் கோரிக்கைகள் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே மற்ற நாடுகளின் நகரங்கள் செய்துமுடித்த வேலையும், நமது சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள வேலையுமே இவற்றில் பெரும்பகுதி. மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். கிராம சபையில் எழுந்து, நமது சாக்கடை எங்கே போகிறது என்று கேளுங்கள்.

வெயிலைக் கிருமிக்கு எதிரான ஆயுதமாக்க விஞ்ஞானி கற்றுக்கொண்டார். அந்த ஆயுதத்தை உழைக்கும் மக்களின் வாய்க்கால் வரை கொண்டுவந்து சேர்ப்பது, ஒன்றுபட்டுப் போராடும் தொழிலாளிகளின், விவசாயத் தொழிலாளிகளின் பொறுப்பு!